ஆறாவது வார்டு வரைபடம் திறக்காத காலை

எங்கள் குடிநீர் அலுவலகத்தில் கணினிகளைக் கவனித்துக்கொண்டவளை எல்லோரும் சாவி என்றுதான் கூப்பிட்டோம். யார் கடவுச்சொல்லை மறந்தாலும் அவளிடம்தான் போய் நிற்க வேண்டும். வாரத்துக்கு மூன்று பேராவது மறப்பார்கள். நீண்ட விடுமுறை முடிந்து வந்த நாளென்றால் பாதி அலுவலகமே மறந்திருக்கும். அவள் யாரிடமும் முகம் சுளித்ததில்லை. பழையது போனால் போகட்டும், புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று உட்கார வைத்து மாற்றிக் கொடுத்து அனுப்புவாள்.

நான் அப்போது தலைமைப் பொறியாளரின் சுருக்கெழுத்தாளர். அவர் அறைக் கதவை ஒட்டி என் மேசை. நேர் எதிரே சாவியின் அறை. முன்பு காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்த சின்ன இடம் அது, ஜன்னல் கிடையாது. சர்வர் சூடாகிவிடக் கூடாதென்று குளிர்சாதனம் எந்நேரமும் ஓடும். அதனால் வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அவள் மட்டும் பழுப்பு நிற ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பாள்.

அவள் கணினி படித்தவள் அல்ல. இணைப்பு எண்களைத் தட்டச்சு செய்ய ஆறு மாதத்துக்கென்று வந்தவள். சர்வர் வாங்கியபோது கூடவே வந்த தடித்த கையேட்டை ஒருவரும் பிரிக்கவில்லை. இவள்தான் வீட்டுக்கு எடுத்துப்போய், மகளைத் தூங்க வைத்துவிட்டு, தினம் பத்துப் பக்கமாகப் படித்தாள். புரியாத இடத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்து, பிறகு சர்வரிலேயே செய்து பார்த்துக் கேள்விக்குறியை அழிப்பாள். ஆறு மாதம் முடிந்தபோது அவளை அனுப்ப யாருக்கும் துணிவில்லை. அப்படியே ஒன்பது வருடம் ஓடிவிட்டது. ஆனால் வேலை மட்டும் ஒப்பந்தம்தான்; ஒவ்வொரு வருடமும் தலைமைப் பொறியாளர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம்.

நான் சொல்லப்போகும் வாரத்தில் அந்தப் புதுப்பிப்புக் காகிதம் என் மேசையில்தான் இருந்தது. அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். முதுகெலும்பில் வட்டு விலகி நான்கு மாதமாக முன்னறையில் மல்லாந்து கிடந்தார். அவள் வாய் திறந்து எதையும் கேட்கவில்லை. என் மேசையைக் கடக்கும்போதெல்லாம் அந்தக் காகிதத்தின் மேல் கண் போய்விட்டு வரும், அவ்வளவுதான்.

அதற்குப் பதினோரு நாள் முன்புதான் எங்கள் வரைவாளர் ஓய்வு பெற்றிருந்தார். நகரத்தின் அத்தனை குழாயும் வால்வும் எங்கே எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று வரைந்து வைத்தவர். கோடு ஒரு மயிரிழை தப்பினாலும் திரும்ப வரைவார் என்பதால் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். பழைய வரைபடங்களை எல்லாம் சரிபார்த்து முடிக்க இன்னும் மூன்று மாதம் வேண்டும் என்று கேட்டார். தலைமைப் பொறியாளர் மறுத்துவிட்டார். கூடத்தில் எல்லோர் எதிரிலும் இருவருக்கும் வார்த்தை தடித்தது. கடைசியில் மில்லிமீட்டர், "நான் போனதுக்கு அப்புறம்தான் சார் உங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்ன மனிதர் அதை அன்றே மறந்திருப்பார். கேட்ட மனிதர் மறக்கவில்லை.

அன்று காலை பதினொன்றுக்குச் சற்று முன்பு ஆறாவது வார்டில் பெரிய குழாய் வெடித்தது. சலவை நிலையம் இருக்கும் தெரு. தார்ச்சாலை வீங்கிப் பிளந்து, முதல் மாடி உயரத்துக்குத் தண்ணீர் அடிக்கிறது என்று குழாய் மேஸ்திரி தொலைபேசியில் சொன்னார். தெருக்கோடியில் முதியோர் இல்லம். அதன் கீழ்த்தளத்தில் படுத்த படுக்கையாகப் பன்னிரண்டு பேர். தண்ணீர் அங்கே வாசற்படியைத் தொட்டுவிட்டது.

வால்வை மூடினால் தண்ணீர் நின்றுவிடும். ஆனால் எந்த வால்வை? அந்த இடத்தில் மூன்று வருடத்துக்கு முன்பு குழாய்களை மாற்றிப் போட்டிருந்தார்கள். காகித வரைபடங்கள் எல்லாம் அதற்கு முந்தியவை. அதே குழாயிலிருந்து பிரிந்துதான் ஆஸ்பத்திரிக்கும் தண்ணீர் போகிறது. அங்கே அந்நேரம் சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருப்பார்கள். தப்பான வால்வை மூடினால் அந்த இயந்திரங்கள் நின்றுபோகும். புது வரைபடம் இருப்பது ஒரே இடத்தில்: சர்வரில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் ஃபோல்டரில்.

ஆறாவது வார்டு ஃபைலைத் தட்டினால் அனுமதி இல்லை என்றது.

ஐந்தாவது வார்டு திறந்தது. நான்காவதும் திறந்தது. ஆறிலிருந்து பதினொன்று வரை ஒன்றுகூடத் திறக்கவில்லை. உதவிப் பொறியாளர் கணினியை அணைத்துப் போட்டார். வேறு கணினியில் பார்த்தார். அங்கேயும் அதே கதை. தலைமைப் பொறியாளர் தாமே எழுந்து சாவியின் அறைக்குப் போனார். ஒன்பது வருடத்தில் அவர் அந்த அறைக்குள் கால் வைத்தது அன்றுதான். நான் குறிப்பேட்டோடு பின்னாலேயே போனேன். மூவர் நிற்க அங்கே இடமில்லை. நான் வாசலில் நின்றேன்.

அவள் முதலில் ஃபைல் கெட்டுப்போயிருக்குமோ என்று பார்த்தாள். இல்லை. பொது ஃபோல்டருக்கே யாராவது அனுமதியை மாற்றிவிட்டார்களா என்று பார்த்தாள். அதுவும் இல்லை, பொறியாளர்கள், கள ஊழியர்கள் என்று எட்டுக் குழுக்களும் வரிசையாக இருந்தன. ஒரே ஃபோல்டருக்குள் பக்கத்துப் பக்கத்து ஃபைல்கள், ஒன்று திறக்கிறது, ஒன்று திறக்கவில்லை. ஆறாவது வார்டு ஃபைலுக்கு யாருக்கெல்லாம் அனுமதி என்று கேட்டாள். அதைப் பார்க்க அவளுக்கே அனுமதி இல்லையாம். சர்வருக்கே பொறுப்பாளி அவள்!

தலைமைப் பொறியாளர் பொறுமை இழந்தார். எல்லா ஃபைலுக்கும் எல்லோருக்கும் மேலிருந்து மொத்தமாக அனுமதி கொடுத்துத் தொலையுங்கள் என்றார்.

சாவி திரும்பாமலே சொன்னாள். "அப்படிப் பண்ணா ஊழியர்கள் மேல இருக்கிற விசாரணைக் காகிதம் எல்லாம் ஊருக்கே திறந்துக்கும் சார். ஒரு ஃபைலை மட்டும் எடுக்கிறேன். ரெண்டு நிமிஷம் குடுங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் முதலில் அந்த ஒரு ஃபைலின் உரிமையைத் தன் பெயருக்கு மாற்றினாள். அதன் பிறகுதான் பட்டியல் திறந்தது. அதில் ஒரே ஒரு வரி. ஆள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எழுத்தும் பிறகு நீளமான எண்ணும், நடுநடுவே சிறு கோடுகளும்.

"என்ன நம்பர் இது?" என்று கேட்டார் தலைமைப் பொறியாளர்.

சாவியின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. பிறகு, பார்த்துச் சொல்கிறேன் என்றாள். அந்த ஃபைல் இப்போது இருக்கும் பொது ஃபோல்டரிலிருந்து அனுமதியைப் புதிதாக எடுத்துக்கொள்ளும்படி அதற்குச் சொன்னாள். எட்டுக் குழுக்களும் வந்து வரிசையில் நின்றன. தட்டினாள். வரைபடம் திரை முழுக்க விரிந்தது.

அச்சிட்டுக்கொண்டிருக்கும்போதே உதவிப் பொறியாளர் மேஸ்திரியிடம் தொலைபேசியில் வால்வுகளைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மூன்று வால்வுகள்; அதில் ஒன்று, மேஸ்திரி மூட நினைத்ததற்கு நேர் எதிர்ப்பக்கம் இருந்தது. பன்னிரண்டு பத்துக்குத் தண்ணீர் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகும் குழாயில் அழுத்தம் கொஞ்சமும் குறையவில்லை. முதியோர் இல்லத்தில் கீழ்த்தளத் தரை கணுக்கால் அளவுக்கு நனைந்ததோடு சரி. செய்தி வந்ததும் கூடத்தில் இருந்தவர்கள் தங்கள் நாற்காலிகளில் சாய்ந்தார்கள். யாரோ தண்ணீர் குடித்தார்கள். எனக்கு அப்போதுதான் காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஆனால் தலைமைப் பொறியாளர் என்னை உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். ஓய்வு பெற்ற வரைவாளர் போகும்போது வேண்டுமென்றே ரகசிய எண் போட்டு வரைபடங்களைப் பூட்டிவிட்டார், பொதுமக்கள் உயிருக்கு ஆபத்து நேர இருந்தது என்று காவல் நிலையத்துக்கு ஒரு புகாரை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். மில்லிமீட்டருக்கு இரண்டு முறை போன் போட்டோம், அணைத்து வைத்திருந்தார். பாருங்கள், போனையும் அணைத்துவிட்டார் என்றார் தலைமைப் பொறியாளர். கோபத்தில் பேசுகிறவர் போல இல்லை. நம்பின ஆள் முதுகில் குத்திவிட்டாரே என்கிற வருத்தம்தான் முகத்தில் தெரிந்தது. 

நான் வெளியே வந்து தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். விரல் ஓடவில்லை. பென்சில் சீவிக் கொடுத்தால்கூட நன்றி சொல்கிற மனிதரைப் பற்றி இதை எப்படி அடிப்பது? பாதியில் எழுந்து சாவியின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். சொல்லக் கூடாதுதான். சொல்லிவிட்டேன்.

அவள் முகம் வெளிறிப்போனது. "அக்கா, அது ரகசிய எண் இல்ல. அது அவரேதான்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. உட்கார வைத்துச் சொன்னாள். சர்வர் யாரையும் பெயரால் நினைவில் வைப்பதில்லை, ஆளுக்கொரு எண் கொடுத்திருக்கிறது. கணக்கு இருக்கும் வரை அந்த எண்ணுக்குப் பதிலாகப் பெயரைக் காட்டும். ஆளின் கணக்கை அழித்துவிட்டால் பெயர் போய்விடும், அனுமதிப் பட்டியலில் எண் மட்டும் நின்றுவிடும். மில்லிமீட்டரின் கணக்கை அவர் ஓய்வு பெற்ற அன்று மாலையே அழித்தது இவள்தான். விதி அப்படி.

"அப்ப பூட்டினது யாரு?" என்றேன்.

"அதுவும் நான்தான்."

இரண்டு வருடத்துக்கு முன்பு வேறு பிரிவுப் பொறியாளர் ஒருவர் மில்லிமீட்டர் பாதி வரைந்து வைத்திருந்த படத்தின் மேலேயே தன் படத்தைச் சேமித்துவிட்டார். ஒரு வார உழைப்பு போயிற்று. மனிதர் அழாத குறையாக இவளிடம் வந்தார். இவள் அவருக்கென்று தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு, மேலிருந்து இறங்கி வரும் அனுமதிகளை அங்கே வெட்டிவிட்டு, அவர் பெயரை மட்டும் வைத்தாள். எங்கேயும் குறித்து வைக்கவில்லை. போகிற அன்று அவர் அதிலிருந்த படங்களை எல்லாம் பொது ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு, உள்தொலைபேசியில் இவளிடம், எல்லாவற்றையும் நகர்த்திவிட்டேன், சரியா என்று கேட்டிருக்கிறார். அன்று இவளுக்கு மூன்று கணினிகள் ஒன்றாகப் படுத்திருந்தன. சரி சார் என்று சொல்லி வைத்துவிட்டாள். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

எனக்குச் சொல்லிவிட்டாலும் அவளுக்கு அது போதவில்லை. கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். ஒரு தனி ஃபோல்டரை அதேபோல் பூட்டினாள். உள்ளே இரண்டு வெற்று ஃபைல்கள் வைத்தாள். ஒன்றைக் காப்பி எடுத்துப் பொது ஃபோல்டரில் போட்டாள். மற்றதை வெட்டி எடுத்து, அதாவது காப்பி இல்லாமல் அப்படியே நகர்த்தி, அங்கே போட்டாள். என்னை என் மேசைக்குப் போய்த் திறந்து பார்க்கச் சொன்னாள். முதலாவது திறந்தது. இரண்டாவது காலையில் வந்த அதே வாசகத்தைக் காட்டியது.

கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. ஸ்வெட்டரின் கைநுனியை இழுத்து விட்டுக்கொண்டு கால் மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் மேசையில் இருந்த காகிதம் ஓடியிருக்கும். முன்னறையில் படுத்திருந்த மனிதர் ஓடியிருப்பார். ஏதோ சர்வர் கோளாறு, இப்போது சரியாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் தலைமைப் பொறியாளருக்கு மேற்கொண்டு கேட்கத் தெரியாது. மில்லிமீட்டரும் தப்பிப்பார், இவளும் தப்பிப்பாள். நானே அதைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன்.

அவள் எழுந்து, கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. பேசியது எல்லாம் எனக்குக் கேட்டது.

"சார், வரைவாளர் எதையும் பூட்டல. ரெண்டு வருஷம் முன்னாடி அவர் ஃபோல்டரைப் பூட்டிக் குடுத்தது நான். அவர் படங்களைப் பொதுவுலதான் கொண்டுவந்து வெச்சிருக்கார். வெட்டி எடுத்து வெச்சதால பழைய பூட்டும் கூடவே வந்துடுச்சு. சரியான்னு என்னைக் கேட்டார். பார்க்காமலே சரின்னு சொன்னதும் நான்தான்."

 அவர், ஐந்தாவது வார்டு வரை ஏன் திறந்தது என்று கேட்டார். சந்தேகம் அவருக்கு முழுதாக விடவில்லை. அந்த ஐந்தும் வெளியே ஸ்கேன் செய்து பென் டிரைவில் வந்தவை, காப்பி எடுத்துத்தான் போட்டிருக்க முடியும் என்றாள் சாவி. "காப்பி எடுத்தா அது புது ஃபைல் சார். எந்த ஃபோல்டர்ல பிறக்குதோ அங்க இருக்கிற அனுமதி அதுக்கு வந்துடும். நகர்த்தினா பழைய ஃபைலே இடம் மாறுது. அதோட அனுமதி மாறாது."

அவரையும் கூட்டி வந்து என் கணினியில் அந்த இரண்டு வெற்று ஃபைல்களைத் திறந்து காட்டினாள். அதற்குள் மேஸ்திரியும் முழங்கால் வரை சேறோடு வந்து சேர்ந்திருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "வீடு மாறினவன் பழைய வீட்டுப் பூட்டையும் கழட்டிக்கிட்டு வந்து புது வீட்ல மாட்டின கதைதான்" என்றார். தலைமைப் பொறியாளர் சிரித்துவிட்டார். சிரித்ததும் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். ஒரு மனிதர் தனக்குத் துரோகம் செய்யவில்லை என்று தெரிந்துகொள்வதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்தப் புகாரை அழித்துவிடுங்கள் என்று என்னிடம் சொன்னார். அழித்தேன். கணினியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். சுருக்கெழுத்துக் குறிப்பைக் கிழித்துத் துண்டு துண்டாக்கினேன். பிறகு ஒருமுறை குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டேன். மில்லிமீட்டருக்கு இன்றுவரை அது தெரியாது. இதை எங்காவது படித்தால் தெரிந்துகொள்வார். கோபப்படமாட்டார், எழுத்துப் பிழை இருந்ததா என்றுதான் கேட்பார்.

மூன்று மணிக்கு அவரே போன் செய்தார். தவறிய அழைப்புகளைப் பார்த்தாராம். அத்தனை நேரம் நீச்சல் குளத்தில் இருந்திருக்கிறார். ஐம்பத்தெட்டு வயதில் நீச்சல் கற்றுக்கொள்ளச் சேர்ந்திருந்தார், நாங்கள் யாரும் நினைத்தே பார்க்கவில்லை. தலைமைப் பொறியாளர் தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். உடம்பு எப்படி இருக்கிறது, குளம் ஆழமா என்றெல்லாம் சுற்றி வளைத்துவிட்டு, ஒரு குழாய் வெடித்தது, உங்கள் படம்தான் காப்பாற்றியது என்றார்.

நான்கு மணிக்கு மனிதர் ஈரத் தலையோடு நேரில் வந்துவிட்டார், தோளில் துண்டு வைத்த பையோடு. சாவி அவரிடமும் போய் நடந்ததைச் சொல்லி, தன் மேல்தான் தப்பு என்றாள்.

"கேட்டதோட நிறுத்தினது என் தப்பும்மா. திறந்து பார்த்திருக்கணும்" என்றார் அவர். "அது கிடக்கட்டும். மூணாவது வால்வு சுலபமா திரும்புச்சா? அதுல எனக்கு எப்பவும் ஒரு பயம்."

சுலபமாகத் திரும்பியது என்று மேஸ்திரி சொன்னதும் அவர் உட்கார்ந்து அச்செடுத்த படத்தை விரித்துப் பார்த்தார். யாரும் கேட்காமலே ஒரு அளவை அடித்துத் திருத்தினார்.

புதுப்பிப்புக் காகிதம் மறுநாள் காலை கையெழுத்தாகி வந்தது. கூடவே ஒரு குறிப்பு: ஓய்வு பெறுகிறவர் யாராக இருந்தாலும், அவர் விட்டுப்போகும் ஃபைல்களை வேறு ஒருவர் தன் கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் கணக்கை அழிக்க வேண்டும், இதற்கு ஒரு பக்கத்தில் விதி எழுதித் தரவும். காகிதத்தை நான்தான் சாவியிடம் கொடுத்தேன். படித்தாள். ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கணவருக்குப் போன் போட்டாள். ஆயிடுச்சு என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, இவள் சிரித்தாள். எழுந்து ஆடாதீர்கள், முதுகு இருக்கிறது என்று அதட்டினாள்.

அதற்குப் பிறகு நான்கு நாள் அவள் சர்வரில் ஒவ்வொரு ஃபோல்டராகப் போனாள். எது வேண்டுமென்றே பூட்டியது, எது தானாகப் பூட்டிக்கொண்டது என்று பிரித்தாள். பெயர் இல்லாத எண்கள் பதினேழு கிடைத்தன. எண் ஒவ்வொன்றும் இங்கிருந்து போன ஒருவர். பழைய ஊழியர் பதிவேட்டை என்னிடம் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இது யாராக இருக்கும் என்று தேதியை வைத்துக் கண்டுபிடித்தாள்.

கடைசி நாள் மதியம் அப்படிப் பூட்டிக் கிடந்த ஒரு ஃபோல்டர் திறந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நீர்த்தேக்கத்துக்கு அலுவலகம் முழுவதும் சுற்றுலா போனபோது எடுத்த படங்கள், இருநூற்றுச் சொச்சம். எடுத்தவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். படங்கள் தொலைந்துவிட்டன என்றே நாங்கள் நினைத்திருந்தோம். சாவி என்னைக் கூப்பிட்டாள், நான் உதவிப் பொறியாளரைக் கூப்பிட்டேன், அவர் யாரையெல்லாமோ கூப்பிட்டார். மூவர் நிற்க முடியாத அந்த அறையில் ஒன்பது பேர் நெருக்கியடித்து நின்றோம். ஒரு படத்தில் நான் ஒல்லியாக, பற்களெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தேன். தலைமைப் பொறியாளர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, படகில் நிற்கும் அந்த அடர்ந்த தலைமுடிக்காரர் யார் என்று கேட்டார்.

நீங்கள்தான் சார் என்றாள் சாவி. அவர் கிட்டே வந்து நன்றாகப் பார்த்தார். பிறகு, அதை மட்டும் ஒரு காப்பி எடுத்துத் தர முடியுமா என்று மெதுவாகக் கேட்டார்.